கயிறு பிடித்தவன் பட்டணம் வருகிறான்

ஜவளகிரி
ஐப்பசி 19-ந் தேதி தொடங்கியது

அன்பு மகன் திம்மராயனுக்கு உன் அப்பன் மாதப்பன் எழுதுவது. யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை, என் கையாலேயே எழுதுகிறேன், அதனால் எழுத்து ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கும், வரி ஓரிடத்தில் மேலே ஏறி ஓரிடத்தில் கீழே இறங்கும், பொறுத்துக்கொண்டு படி. பென்சிலை அழுத்தி அழுத்தி விரல் மரத்துப்போகிறது, கொடுவாள் பிடித்த கைக்கு இது ரொம்பச் சன்னமான சாமானாக இருக்கிறது. நான் ஒரு வரி எழுதுவதற்குள் உன் அம்மா ஒரு படி ராகி அரைத்துவிடுகிறாள். எங்கள் இருவருக்கும் உடம்பில் குறையில்லை, என் இடுப்பு வலி மட்டும் மழைக்குக் கொஞ்சம் கூடியிருக்கிறது. நீ சுகமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்று டீச்சரம்மா சொல்லிக்கொடுத்தார். நீ சுகமாக இல்லை என்று தெரிந்துகொண்டு எழுதுகிறேன், அதனால் அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன்.

எனக்கு எழுத்து வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லும்போதாவது கொஞ்சம் சந்தோஷமாக இருக்கட்டும். நீ ஆனி மாதம் லீவு முடிந்து போன மறுவாரம் நம் மலைப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு டீச்சரம்மா வந்தார், பெயர் அன்னமேரி, மத்திகிரிக்காரர், வேதக்காரக் குடும்பம். பிள்ளைகளுக்குப் பகலில் பாடம், பெரியவர்களுக்கு வெயில் தாழ்ந்ததும் ஒரு மணி நேரம், இது சர்க்கார் உத்தரவு என்று சொன்னார். நான் படிக்கப் போகவில்லை, பள்ளிக்கூடக் கூரைக்கு மூங்கில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தேன், உட்கார்ந்தவன் மடியில் ஒரு பலகையை வைத்துவிட்டார். என் பெயரை நானே எழுதிய அன்றைக்கு அதை அழிக்க மனசு வரவில்லை, பலகையை அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன், மறுநாள் வகுப்பில் ஒரு பலகை குறைந்து டீச்சரம்மா ஆள் அனுப்பினார். அதற்குப் பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன், சோப்பு உறை, தளி போகிற பஸ்ஸின் பலகை, காட்டிலாகா டிப்போ வாசலில் இருக்கிற போர்டு. அந்த போர்டுக்கு முன்னால் நான் வெகுநேரம் நிற்பதைப் பார்த்து ஃபாரஸ்ட் கார்டு கிருஷ்ணப்பன், ஏனு மாதப்பா, இனிமே ரேஞ்சர் வேலைக்கு மனு போட்டுடுவியா, எங்களுக்கு எல்லாம் உத்தரவு குடுப்பியா என்று கேட்டான். உன் அம்மாவோ, தீப்பெட்டியை படிச்சது போதும், அதைக் குடு, அடுப்பு பத்த வைக்கணும் என்றாள். நான் எல்லாவற்றையும் கேட்டுச் சிரித்துக்கொண்டேன். உன் கடிதம் வந்தால் டிப்போ ரைட்டர் எப்போது சாப்பிட்டு எழுந்து வருவார் என்று வாசலில் காத்திருக்காமல் நானே பிரித்து நானே படிக்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு ஆசை. ஆனால் நான் எழுத்துப் பழகிய இத்தனை மாதத்தில் உன்னிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. இரண்டாம் வருசப் படிப்பு கஷ்டமாக இருக்கும், பையனுக்கு நேரம் இருக்காது என்று உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி பிறந்த இரண்டாம் நாள் உன் மாமன் கெம்பன் வீட்டுக்குப் போனேன். அவனிடமும் என் எழுத்தைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஒரு நினைப்பு. தரையில் குச்சியால் அவன் பெயரை எழுதிக் காட்டினேன், அவன் அதைச் சுற்றி நடந்து நாலு பக்கமும் பார்த்துவிட்டு, இது நானா, இவ்வளவு சின்னதாவா இருக்கிறேன் என்று கேட்டான். பிறகு அவனுக்கும் ஒரு பெருமை வந்துவிட்டது. மச்சான், நம்ம பையன்கிட்ட இருந்து உனக்கு ஒண்ணாவது வந்துச்சா, எனக்கு நாலு வந்திருக்குது என்றான். கூரையில் தொங்குகிற மூங்கில் குழாயை இறக்கினான், தேன் வெட்டுகிற கத்தியை வைத்திருப்பானே அந்தக் குழாய்தான். அதற்குள்ளிருந்து நாலு உறைகளை எடுத்தான். ஒன்றும் பிரிக்கப்படவில்லை. ஈரம் ஏறாமல் இருக்க நாலுக்கும் தேன்மெழுகு பூசி வைத்திருந்தான். ஆடியில ஒண்ணு, ஆவணியில ஒண்ணு, புரட்டாசியில ரெண்டு, கயித்து இழுப்பு நிக்காம வருது மச்சான், பையன் கீழே நல்லா இருக்கிறான் என்றான். அந்த நிமிஷம் எனக்குப் படிக்கக் கடிதம் கிடைத்த சந்தோஷம்தான் இருந்தது.

மூன்று உறைகளில் இங்கிலீஷ் மெஷின் எழுத்து. நாலாவதில் தமிழ், பென்சில் எழுத்து, என் எழுத்தைப் போலவே ஏறி இறங்கி இருந்தது. என் ஆயுசில் நான் முழுதாகப் படித்த முதல் கடிதம் அதுதான். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டிப் படித்தேன், அதனால் கெட்ட செய்தி வந்து சேர ரொம்ப நேரம் ஆனது, பாதி வரைக்கும் உன் மாமன் சிரித்த முகத்தோடுதான் உட்கார்ந்திருந்தான். எழுதியவர் கோவிந்தன். உன் காலேஜில் பாம்பும் தவளையும் பாட்டிலில் போட்டு வைக்கிற அறையில் வேலை செய்கிற செங்கல்பட்டு ஆள். தானும் இருளர்தான், பேச்சு கொஞ்சம் வேறு, தெய்வம் வேறு, இருந்தாலும் நாம் ஒரு ஜனம்தான் என்று எழுதியிருந்தார். உன் கார்டியனிடமிருந்து கையெழுத்தும் தாலுகா சர்டிபிகேட்டும் வராததால் ஆவணியிலிருந்து உன் உபகாரச் சம்பளத்தை நிறுத்திவிட்டார்கள், அது நின்றதும் விடுதியில் சாப்பாடு நின்றுவிட்டது, சாப்பாடு நின்றதும் நீ பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாய், இப்போது அந்தப் பாட்டில் அறைக்குப் பின்னால் தன்னுடைய கொட்டகையில் படுத்துக்கொள்கிறாய், வகுப்புக்கு ஒரு நாள் போனால் இரண்டு நாள் போவதில்லை என்று எழுதியிருந்தார். கார்டியன் இல்லாவிட்டால் நான் கையெழுத்துப் போடுகிறேன் என்று ஆபீசில் கேட்டாராம். பதினோரு வருசமாக வேலை பார்க்கிற ஆளை நீ தினக்கூலிதானே, உன் கையெழுத்து செல்லாது, போய்ப் பாம்பைப் பாரு என்று சிரித்து அனுப்பிவிட்டார்களாம். கடைசியில் எழுதியிருந்தது இதுதான், பார்க்காமலேயே எழுதுகிறேன், ஏனென்றால் அந்த வரி எனக்கு மனப்பாடமாகிவிட்டது. பையனிடம் ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன், எனக்கு யாரும் இல்லை என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

நேற்று அதோடு நிறுத்திவிட்டேன், கண்ணில் தண்ணீர் வந்து காகிதத்தில் விழுந்தது, துடைத்ததில் இரண்டு எழுத்து கலைந்திருக்கும். இன்றைக்கு ஐப்பசி இருபது. இனி எழுதுவது உனக்குத் தெரிந்த சங்கதிதான், ஆனாலும் விவரமாக எழுதுகிறேன், இந்தக் கடிதத்தை உன் வார்டன் ஐயாவுக்கும் படித்துக் காட்ட வேண்டும் என்று டீச்சரம்மா சொல்லியிருக்கிறார். ஐயா, எங்கள் ஜனத்தில் தேன் எடுக்க ஒருவன் பாறையில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினால் மேலே கயிற்றைப் பிடித்து நிற்கிறவன் அவனுடைய பெண்சாதியின் தம்பியாகவோ அண்ணனாகவோ இருக்க வேண்டும். கல்யாணம் ஆகாத பையனுக்குத் தாய்மாமன் பிடிப்பான். அப்பன் பிடிக்கமாட்டான், கூடப் பிறந்தவனும் பிடிக்கமாட்டான். கூடப் பிறந்தவனுக்குப் பங்கு ஆசை வரலாம், அப்பனுக்குக் கை நடுங்கும், தாய்மாமனுக்கு அவன் போனால் தன் மகளுக்குப் புருசன் போய்விடுவான், அதனால் அவன் விடமாட்டான், இப்படி எங்கள் பெரியவர்கள் வைத்திருக்கிறார்கள். பிடிக்கிறவன் அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது. யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லக்கூடாது, ரேஞ்சரே வந்து கூப்பிட்டாலும் சொல்லக்கூடாது. கீழே இருக்கிறவன் நடுநடுவே கயிற்றை ஒரு இழுப்பு இழுப்பான், நான் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். இழுப்பு நின்றுபோனால்தான் பயம். அந்த இழுப்பைப் பற்றி மேலே இருக்கிறவன் அப்போது யாரிடமும் வாயைத் திறக்கமாட்டான், திறந்தால் பிடி நழுவும் என்பார்கள்.

ஓசூர் பள்ளிக்கூடத்தில் உன்னைக் காலேஜுக்கு அனுப்ப மனு பாரம் எழுதின அன்று குமாஸ்தா என்னைக் கேட்டார், பையனுக்கு அங்கே கார்டியன் யாருன்னு எழுதறது, அவனுக்கு யாரு பொறுப்பு என்றார். நான் யோசிக்கவே இல்லை, அவன் தாய்மாமன் கெம்பன் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, நீ உசிரோட குத்துக்கல்லு மாதிரி நிக்கிறியே, உன் பேரைப் போட்டா என்ன என்று கேட்டார். நான் அப்பன், நான் பிடிக்கக்கூடாது சாமி என்றேன். அவருக்குப் புரியவில்லை, காட்டு ஆளுங்க சட்டம் நமக்கு எதுக்கு என்று சிரித்துக்கொண்டே எழுதினார். அன்றைக்கு உனக்கு ரொம்ப நல்லது செய்துவிட்டதாக நினைத்தேன். நம் வழக்கத்தில் இருக்கிற ரொம்பக் கெட்டியான பிடியை உனக்குக் கொடுத்ததாக நினைத்தேன். உன் மாமனிடம் வந்து உன் பேரு எழுதியாச்சு கெம்பா என்று சொன்னபோது அவன் எழுந்து நின்று கையைத் துடைத்துக்கொண்டான். முதல் வருசம் எல்லாவற்றையும் ஓசூர் பள்ளிக்கூடத்திலேயே முடித்து அனுப்பிவிட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் வருசம் அவன் பேருக்கே நேராக உறை வந்தது, வந்த ஒவ்வொன்றையும் அவன் நீ இழுக்கிற இழுப்பு என்று நினைத்துக்கொண்டான். மெழுகு பூசினான், குழாயில் போட்டான், வாயைத் திறக்கவில்லை, நகரவில்லை. உறை வரவர அவனுக்குத் தெம்பு கூடியது. அவன் உன்னை விட்டுவிட்டான் என்று நீ நினைத்தாய். அதை என்னிடம் கேட்டு எழுத உனக்கு மனசு வந்திருக்காது, எனக்குப் புரிகிறது. அவன் விடவில்லை. தப்பு இருக்கிறதென்றால் பாரம் எழுதின அன்று கேட்டதற்குப் பதில் சொன்ன என்னுடையது.

காலேஜிலிருந்து வந்த இங்கிலீஷ் கடிதம் மூன்றையும் அன்னமேரி டீச்சரம்மாதான் படித்துச் சொன்னார். முதல் கடிதம் மரியாதையாக இருந்ததாம், இரண்டாவது கொஞ்சம் கறாராக இருந்ததாம், மூன்றாவதைப் படிக்கும்போது அவர் குரலை இறக்கிவிட்டார். கார்த்திகை முதல் தேதிக்குள் கார்டியன் நேரில் வந்தோ எழுதியோ ஒப்புக்கொள்ளாவிட்டால் உன் பெயரை அடித்துவிடுவார்கள், கார்டியன் அக்கறை இல்லாதவர் என்று தெரிகிறது என்று அதில் இருக்கிறது. அக்கறை இல்லாதவர் என்ற வார்த்தையை உன் மாமன் திரும்பக் கேட்டான். டீச்சரம்மா திரும்பச் சொன்னார். நான் என்ன பண்ணலைன்னு சொல்றாங்க அம்மா என்று கேட்டான். அவர் உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார், அவன் குடிக்காமல் அதைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அன்றைக்குச் சாயங்காலமே தன் கயிற்றைக் கொண்டுவந்து நம் வாசலில் போட்டுவிட்டுத் திரும்பிவிட்டான். கயிற்றைக் கொண்டுவந்து போட்டால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும், இனி இந்தக் கை யாருக்கும் கயிறு பிடிக்காது என்று அர்த்தம். இரண்டு நாள் களி தின்னவில்லை. உன் அம்மா மாரம்மாவை நீ அறிவாய், அழுதால் ஒரு மாதம் அழுவாள் என்று நினைத்தேன், அவள் அழவில்லை. கயிற்றைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்கு நடந்தாள், நானும் பின்னாலேயே நொண்டிக்கொண்டு போனேன். அவன் காலடியில் கயிற்றைப் போட்டு, என் பிள்ளை இன்னும் மேல ஏறி வரலைடா, நடுவுல கயித்தைப் போட்டுட்டு உனக்கு என்ன படுக்கை, எழுந்திரு என்றாள். அவன், அக்கா, பாறைன்னா எனக்குத் தெரியும், இது காகிதமா இருக்குதே என்றான். அவள், காகிதமோ பாறையோ என் பிள்ளை தொங்கறான் என்றாள். அவன் எழுந்து உட்கார்ந்தான்.

அடுத்தது சர்டிபிகேட். நாம் மலை ஜனம் என்று தாலுகா கச்சேரியில் எழுதி வாங்க வேண்டும். டீச்சரம்மா மனுவை எழுதிக்கொடுத்தார், நானும் உன் மாமனும் போனோம். இரண்டு நாள் வெளியே உட்காரவைத்தார்கள், மூன்றாம் நாள் ஒரு குமாஸ்தா கூப்பிட்டார். மனுவில் கீழே நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். திம்மராயா, அது நான் ஒரு சர்க்கார் காகிதத்தில் போட்ட முதல் கையெழுத்து, அதற்காக வீட்டில் மணலில் முப்பது தடவை போட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு எழுத்தும் நின்றது. குமாஸ்தா அதைப் பார்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். இது யாரு போட்டது என்றார். நான்தான் சாமி என்றேன். காட்டுல இருக்கறவன் இவ்வளவு சுத்தமா கையெழுத்து போடுவானா, நீ இருளன் இல்லைய்யா, சலுகைக்கு ஆசைப்பட்டு வந்திருக்கிறே, எந்த ஊரு நீ நிஜமா சொல்லு என்றார். பக்கத்து மேசைக்காரர், ஒரு மரத்துல ஏறச் சொல்லிப் பாருங்க சார் என்றார், எல்லாரும் சிரித்தார்கள். உன் மாமன் அவர்கள் சொன்னதை நிஜம் என்று எடுத்துக்கொண்டு வெளியே இருந்த புளியமரத்தைத் திரும்பிப் பார்த்தான், நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் அந்தக் குமாஸ்தாவே வேறு ஒரு காகிதத்தில் மனுவை நகல் எடுக்கச் சொல்லி, மைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். நான் கட்டை விரலை வைத்தேன். இப்பத்தான் சரி என்று சொல்லி உள்ளே கொண்டுபோனார், சாயங்காலத்துக்குள் சீல் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். சர்டிபிகேட் கையில் இருக்கிறது, அதுதான் முக்கியம். ஆனால் வரும் வழியெல்லாம் கட்டை விரலில் இருந்த மையை வேட்டியில் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. அந்தப் பழைய மனுவை, கையெழுத்துப் போட்டதை, கேட்டு வாங்கி மடித்து வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து மூன்று நாள் பலகையைத் தொடவில்லை. டீச்சரம்மா கேட்டதற்குக் கைவலி என்று பொய் சொன்னேன். அப்புறம் உனக்கு யார் எழுதுவது என்று நினைத்துத்தான் பென்சிலை எடுத்தேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. போன லீவில் நீ கோவிந்தனைப் பற்றிச் சொன்னாய். பாம்பு பிடிக்கிற ஆள் ஒருத்தன் இருக்கிறான் அப்பா, நானும் நீயும் ஒண்ணுன்னு எல்லார் எதிரிலேயும் பேச வர்றான், நான் தெரியாத மாதிரி போயிடுவேன் என்றாய். நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன், பட்டணத்தில் அப்படித்தான் இருக்க வேண்டும் போல என்று நினைத்தேன். நீ தெரியாத மாதிரி போன அந்த மனுஷன்தான் தன் கொட்டகையில் உனக்கு இடம் கொடுத்து, ஆபீசில் விலாசம் கேட்டு, தெரியாத ஊரில் இருக்கிற தெரியாத கெம்பனுக்குக் கஷ்டப்பட்டு எழுத்துக் கூட்டி எழுதியிருக்கிறார். அந்தக் காலேஜில் பதினோரு வருசம் தனியாக நின்ற ஆள் அவர். அவருக்கு மேலே யார் கயிறு பிடித்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, யாரும் பிடித்திருக்கமாட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. அவரை மாமா என்று கூப்பிடு. அவர் குலம் என்ன என்று கேள், நம் குலமாக இருந்தால் பெரியப்பா என்று கூப்பிடு. விடுதியில் மறுபடி இடம் கொடுத்தாலும் வாரம் ஒருமுறை அவரைப் போய்ப் பார், நாலு பேர் எதிரில் போய்ப் பார். அவருக்கு வேலையை நிரந்தரம் பண்ண ஏதாவது மனு எழுத வேண்டுமென்றால் நீ எழுதிக்கொடு, நீ படித்ததற்கு அதுவும் ஒரு வேலை.

இன்றைக்கு ஐப்பசி இருபத்திரண்டு. நாளைக்குத் தளியில் தபாலில் சேர்த்துவிட்டால் இது இரண்டு மூன்று நாளில் கோவிந்தன் பேருக்கு வந்துவிடும், உன் கையில் அவர் கொடுப்பார். உன் மாமன் இருபத்தாறாம் தேதி இங்கிருந்து கிளம்புகிறான். டீச்சரம்மாவின் தம்பி பாக்கியராஜ் மத்திகிரி மாட்டுப் பண்ணையில் வேலை பார்க்கிறார், அவர் ஓசூரில் பஸ் ஏற்றி, கிருஷ்ணகிரி வழியாக ஜோலார்பேட்டை வரைக்கும் கூடவே போய் ரயிலில் உட்காரவைப்பார். பட்டணத்தில் இறங்கியதும் காட்டி வழி கேட்க டீச்சரம்மா காலேஜ் விலாசத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் வந்திருப்பேன், இந்த இடுப்போடு ரயில் படி ஏற முடியாது, வந்தாலும் கார்டியன் என்று எழுதியிருப்பது நானில்லை. உன் மாமன் இதுவரை ஓசூர் சந்தையைத் தாண்டிப் போனதில்லை. ரயில் சத்தத்துக்கு என்ன செய்வானோ தெரியவில்லை. சர்டிபிகேட்டை அந்த மூங்கில் குழாயில் போட்டு இரண்டு பக்கமும் மெழுகு வைத்து அடைத்துவிட்டான், ஆபீசில் பிரிக்கும்போது நீ கத்தி கொண்டுபோ. கோவிந்தனுக்கு ஒரு பாட்டில் தேன் கொண்டுவருகிறான், உனக்கு உன் அம்மா ராகி மாவும் கொள்ளும் கட்டியிருக்கிறாள். கயிற்றையும் கொண்டுவருகிறான். வேண்டாம் என்று நானும் சொன்னேன், டீச்சரம்மாவும் சொன்னார், கயிறு இல்லாம நான் என்னன்னு போய் நிக்கறது என்று இடுப்பில் சுற்றிக்கொண்டான். அதைப் பார்த்து யாராவது சிரிப்பார்கள். உன் கூடப் படிக்கிறவர்களும் சிரிக்கலாம்.

டீச்சரம்மா என்னிடம் உண்மையைச் சொல்லிவிட்டார், போய் நின்றாலும் அவர்கள் ஒத்துக்கொள்வார்கள் என்று உறுதி இல்லை, தேதி நெருங்கிவிட்டது, நிறுத்தின பணத்தைத் திரும்பக் கொடுப்பது கஷ்டம் என்றார். இந்தப் படிப்பு வேண்டாம் என்று உனக்கே தோன்றிவிட்டால் வந்துவிடு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். இங்கே ராகிக் கொல்லை இருக்கிறது, இந்த வருசம் யானை இரண்டு முறை இறங்கி ஒரு பக்கத்தை மிதித்துவிட்டது, மீதி நன்றாகக் கதிர் பிடித்திருக்கிறது, சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஆனால் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு வராதே. வருவதானால் மாமனோடு வா. தனியாக ஏறி வராதே.

உன் அம்மா என்ன எழுதியிருக்கிறேன் என்று படிக்கச் சொன்னாள். முழுக்கப் படித்தேன், அதற்கே அடுப்பு ஒருமுறை அணைந்து மறுபடி பற்றவைத்தாள். கச்சேரியில் விரல் வைத்ததை ஏன் எழுதினாய், பிள்ளைக்கு மனசு கஷ்டப்படும் என்றாள், அந்த வரிகளை அடித்துவிடலாமா என்று யோசித்தேன், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தலையில் எண்ணெய் வை, வெறும் வயிற்றோடு வகுப்புக்குப் போகாதே என்று சொல்லச் சொன்னாள். நம் மாதேஸ்வரன் உன் பக்கம் இருக்கட்டும், நீ கால் வைக்கிற கல் நகராமல் இருக்கட்டும். அடுத்த வாரம் டீச்சரம்மா புதுப் பென்சில் தருவதாகச் சொல்லியிருக்கிறார், உன் மாமன் பத்திரமாக வந்து சேர்ந்தானா என்று கேட்டு அதால் எழுதுவேன், அதற்குள் எழுத்து இன்னும் கொஞ்சம் நேராகிவிடும்.

ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. இருபத்தேழாம் தேதி காலையில் உன் மாமன் காலேஜ் கேட்டில் நிற்பான். உன்னைப் பற்றி யாரிடமும் கேட்கமாட்டான், வாட்ச்மேன் கூப்பிட்டால் பதில் சொல்லமாட்டான், விரட்டினாலும் நகரமாட்டான், இந்த ஒரு வேலைக்கு அவன் பழகியது அப்படித்தான். நீ வரும் வரைக்கும் வெயிலோ மழையோ நிற்பான். யார் கூட இருந்தாலும் தெரியாத மாதிரி போய்விடாதே அப்பா. நேராகப் போய் அவன் இடுப்பில் இருக்கிற கயிற்றை ஒரு தரம் இழு.

இப்படிக்கு,
உன் அப்பன்
மாதப்பன்
(இது கைநாட்டு இல்லை, கையெழுத்து)